இரு மொழியில் ஒரு குரல்: சித்தூர் வி. நாகையாவின் நடிப்பு

முன்னுரை

திரைப்பட நடிகர் ஒருவரின் பன்முகத் திறனைப் பற்றிப் பேசுவோர், அவர் ஏற்ற வேடங்களைப் பட்டியலிடுவது வழக்கம். அரசன், அடியார், கைதி, தந்தை எனப் பட்டியல் நீள நீள, நடிகரின் திறனும் பெருகியதாகக் கொள்ளப்படுகிறது. சித்தூர் வி. நாகையாவைப் (1904-1973) பொறுத்தவரை இம்முறை பெரிதும் பயன் தருவதில்லை. அவர் ஏற்ற வேடங்கள் தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழிகளில் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மொழியின் திரைப்பட வரலாறும் தன்பால் உள்ள பாதியை மட்டுமே எண்ணி, அதனையே முழுமை எனக் கொண்டுள்ளது.

தெலுங்கு மக்களுக்கு நாகையா என்றவுடன் போதனாவும் தியாகய்யரும் வேமனாவும் நினைவுக்கு வருவர். தமிழ் மக்களின் நினைவில் நிற்பவரோ தழுதழுத்த குரலில் பேசும் நரைத்த தந்தை. முன்னவர் கதையின் நடுவே நிற்கிறார். பின்னவர் கதையின் ஓரத்தில் நிற்கிறார். இவ்விருவரும் ஒருவரே என்பதை அறிந்தவர்கள்கூட, முன்னதை வளர்ச்சி என்றும் பின்னதைத் தேய்வு என்றும் கூறி அமைவர்.

இக்கட்டுரை அக்கூற்றை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது. இரு படிமங்களும் ஒரே நடிப்பு முறையின் இரு பக்கங்கள் என்பதும், அம்முறை இருமொழி நிலமாகிய சித்தூரின் பேச்சுச் சூழலோடு தொடர்புடையது என்பதும், அதற்குத் தக்க சான்று 1950இல் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த 'ஏழை படும் பாடு' என்பதும் இதன்கண் முன்வைக்கப்படும் கருத்துகளாகும்.

சித்தூர் என்னும் அடைமொழி

நாகையா பிறந்த ஊர் சித்தூரன்று. குண்டூர் மாவட்டத்து ரேபள்ளியாகும். ஆயினும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் சித்தூரே. இளமையில் அந்நகரின் இராமவிலாச சபையில் நாடகப் பயிற்சி பெற்றதே இதற்குக் காரணம். பிறந்த ஊரை விடுத்துப் பயின்ற ஊர் ஒருவரின் பெயரில் முன்னிற்பது கலையுலகில் புதிதன்று. ஆனால் இங்கு அவ்வூரின் இயல்பு சிறப்பாகக் கருதத்தக்கது.

சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பெற்றது. அப்போது அது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. எல்லைப் போராட்டங்களின் விளைவாக 1960இல் திருத்தணி முதலிய பகுதிகள் மீண்டும் சென்னை மாநிலத்தை வந்தடைந்தன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஒரு நூற்றாண்டுக்குள் இத்தனை முறை கோடுகள் மாறிய நிலத்தில், மக்களின் பேச்சு மட்டும் கோடுகளுக்குக் கட்டுப்படாமல் இரு மொழிகளிலும் இயங்கி வந்துள்ளது.

திருப்பதியின் நிலையும் இதனையே காட்டுகிறது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. மார்கழித் திங்களில் அங்குச் சுப்ரபாதத்திற்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. அதே மலையில் பதினைந்தாம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் தெலுங்கில் கீர்த்தனைகளைப் பாடினார். இங்கு ஒருமொழி மற்றொருமொழியின் பெயர்ப்பாக ஒலிப்பதில்லை. இரண்டும் ஒரே வழிபாட்டின் வெவ்வேறு வேளைகளில் தத்தம் இடத்தில் ஒலிக்கின்றன. இத்தகைய சூழலில் பயின்ற கலைஞருக்கு, மொழி மாறுதல் என்பது வேற்றூர்ப் பயணமாகத் தோன்றுவதில்லை. ஒரே வீட்டின் அடுத்த அறைக்குச் செல்வதாகவே தோன்றும்.

சமூகக் கதைகள்

நாகையா 1938இல் எச். எம். ரெட்டியின் 'கிருஹலட்சுமி' வாயிலாகத் திரையில் தோன்றினார். தொடர்ந்து பி. என். ரெட்டி இயக்கிய 'வந்தே மாதரம்' (1939), 'சுமங்கலி' (1940), 'தேவதா' (1941) ஆகியவற்றில் நடித்தார். இம்மூன்று படங்களையும் அடுத்தடுத்து நோக்கினால் வேட வேறுபாடு வியப்பளிக்கும். முதலாவதில் வேலையின்றித் தவிக்கும் படித்த இளைஞர். இரண்டாவதில் கைம்பெண் மறுமணத்தை ஆதரிக்கும் முதிய சீர்திருத்தவாதி. மூன்றாவதில் வீட்டுப் பணிப்பெண்ணை வஞ்சிக்கும் வசதி படைத்த இளைஞர்.

'சுமங்கலி'யின் முதியவராக நடித்தபோது நாகையாவின் அகவை முப்பத்தாறு. எனவே தந்தை வேடமும் முதியவர் வேடமும் பிற்காலத்தில் முதுமை காரணமாக அவர்மேல் சுமத்தப்பட்டவை என்னும் கருத்து பொருந்தாது. தொடக்கத்திலேயே அவர் விரும்பி ஏற்ற வேடம் அது. மேலும், அடுத்த ஆண்டே குற்றம் புரியும் இளைஞராக நடித்தார் என்பதால், நல்லவர் வேடத்திற்கே உரியவர் என்னும் முத்திரையும் அப்போது அவர்மேல் விழவில்லை என்பது பெறப்படும்.

அடியார் வரலாறுகள்

கே. வி. ரெட்டி இயக்கிய 'பக்த போதனா' (1943), நாகையாவே இயக்கி, இசையமைத்து, நடித்த 'தியாகய்யா' (1946), மீண்டும் கே. வி. ரெட்டி இயக்கிய 'யோகி வேமனா' (1947) ஆகிய மூன்றும் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டின. வாழ்க்கை வரலாற்றுப் படங்களில் சிறந்த அமெரிக்க நடிகர் பால் முனியோடு அவரை ஒப்பிட்டு, 'இந்தியாவின் பால் முனி' என்று பாராட்டினர்.

இவ்வொப்பீடு ஒரு வகையில் பொருந்தும்; மற்றொரு வகையில் பொருந்தாது. பால் முனி ஒப்பனையாலும் உடல்மொழியாலும் தம்மை மறைத்துக்கொண்டு பாத்திரமாக மாறுபவர். நாகையா தம்மை மறைப்பதில்லை. போதனாவிலும் தியாகய்யரிலும் வேமனாவிலும் அதே முகம், அதே நிதானம், சொல்லுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட அதே குரல். ஆயினும் மூவரும் வேறு வேறாகவே நம் நினைவில் நிற்கின்றனர்.

இவ்வேறுபாடு பிறப்பது பாத்திரம் மொழியோடு கொள்ளும் உறவில் எனலாம். போதனா வடமொழிப் பாகவதத்தைத் தெலுங்காக்கியவர்; அதாவது மொழிபெயர்ப்பாளர். பிறர் சொல்லைத் தம் சொல்லாக்கும் பணிவு அவ்வேடத்தின் அடிப்படை. தியாகய்யர் (1767-1847) காவிரிக் கரையில், திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடியவர். தமிழ்நிலத்தில் ஒலித்த தெலுங்குக் குரல். வேமனாவோ ஏட்டு வழக்கினின்று விலகி எளிய பேச்சில் செய்யுள் செய்தவர். மூவரும் அடியார் என்னும் ஒரே வகைமையுள் அடங்குவர். எனினும் ஒருவர் பெயர்ப்பவர், ஒருவர் பாடுபவர், ஒருவர் இடித்துரைப்பவர். நாகையாவின் குரல் இம்மூன்று நிலைகளுக்கும் ஏற்பத் தாழ்ந்தும் நீண்டும் இறுகியும் ஒலிக்கிறது.

'யோகி வேமனா'வில் இம்மாற்றம் ஒரே படத்துக்குள் நிகழ்வதைக் காணலாம். பொதுமகளிடம் மயங்கியிருந்தவர், அண்ணன் மகளாகிய குழந்தையின் இறப்பால் உலைந்து துறவு பூணுகிறார். காதற்கதை, குடும்பத் துயரக் கதை, ஞானியின் கதை ஆகிய மூன்றும் ஒரே உடலில் அடுத்தடுத்து அமைகின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தில் வந்த 'சுவர்க்க சீமா'வில் (1945) மனைவி மக்களை விட்டு நடிகை ஒருத்தியின்பால் ஈர்க்கப்படும் குடும்பத் தலைவராக நாகையா நடித்தார் என்பதையும் உடன் வைத்து எண்ண வேண்டும். அடியார் வேடம் அவரைச் சிறைப்படுத்தவில்லை.

தமிழில் அரசரும் குயவரும்

இதே காலத்தில் தமிழ்ப் படங்களிலும் நாகையா பங்கேற்றார். 'அசோக்குமார்' (1941) படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் குணாளனாக நடிக்க, நாகையா பேரரசர் அசோகராக நடித்தார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'மீரா' (1945) படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியின் எதிரே மேவார் இராணாவாகத் தோன்றினார். ஜெமினியின் 'சக்ரதாரி'யில் (1948) இறையன்பில் தன்னை மறக்கும் குயவரானார்.

முதலிரு படங்களிலும் நாகையாவின் இடம் ஒத்தது. பாகவதரும் சுப்புலட்சுமியும் அன்றைய தமிழ் மக்களின் பெருமதிப்புக்குரிய பாடகர்கள். பாடும் திறமுடைய நாகையா, அவ்விரு படங்களிலும் பாடும் ஒருவரைப் புரிந்துகொள்ளாத அரசராக நிற்க வேண்டியிருந்தது. அசோகர் மகனைத் தண்டிக்கிறார். இராணா மனைவியின் பக்தியைக் கண்டு குமைகிறார். இவ்விருவரையும் கொடியவராகக் காட்டுவது எளிது. நாகையா அவ்வழியில் செல்லவில்லை. தவறு செய்யும்போதே தாம் தவறுவதை உணரும் மனிதராக அவர்களைக் காட்டினார். தெலுங்கில் கதையின் மையத்தில் நின்ற நடிகர், தமிழில் மையத்தில் நிற்பவரைத் தாங்கும் பணியை 1940களிலேயே ஏற்றுவிட்டார் என்பது இதனால் புலனாகும்.

'ஏழை படும் பாடு'ம் 'பீதல பாட்லு'வும்

விக்தர் யூகோவின் பிரெஞ்சுப் புதினத்தைத் தமிழில் 'ஏழை படும் பாடு' எனப் பெயர்த்தவர் யோகி சுத்தானந்த பாரதியார். அதனை அடிப்படையாகக் கொண்டு கோவை பட்சிராஜா நிறுவனத்துக்காக கே. ராம்நாத் இயக்கிய படம் 1950இல் வெளிவந்தது. தெலுங்கில் 'பீதல பாட்லு' என்னும் பெயரில் அது உருவாயிற்று. இரண்டிலும் கதைத் தலைவர் நாகையாவே. பிறர் குரல் கொடுத்த மொழிமாற்றுப் படமாக அன்றி, நடிகர் தாமே இருமுறை, இரு மொழிகளில் பேசி நடித்த படம் அது. மொழிபெயர்ப்பு ஆய்வுக்கு இத்தகைய சான்று அரிது.

முதலில் தலைப்புகளை நோக்கலாம். 'பாடு' என்னும் சொல் துன்பம் என்னும் பொருளில் இரு மொழிகளுக்கும் பொது. தெலுங்கில் அது 'பாட்லு' எனப் பன்மையாகிறது. 'பீதல' என்பதும் 'ஏழைகளின்' எனப் பொருள்படும் பன்மையே. தமிழ்த் தலைப்போ ஏழையையும் பாட்டையும் ஒருமையில் நிறுத்துகிறது. யூகோவின் மூலத் தலைப்பு பன்மை. ஆகவே சொல்லளவில் தெலுங்குத் தலைப்பு மூலத்திற்கு அணிமையது. தமிழ்த் தலைப்பு ஒருவனை முன்னிறுத்தி, அவன்வழியே அவன் இனத்தை உணர்த்துகிறது. நாகையா இரு தலைப்புகளுக்கும் ஒரே உடலால் பொருள் தர வேண்டியவரானார்: தமிழில் தனியொருவன், தெலுங்கில் ஒரு கூட்டத்தின் சார்பாளன்.

பெயர்களும் கருதத்தக்கவை. தமிழில் கதைத் தலைவன் கந்தனாகிறான். அவனைத் துரத்தும் காவல் அதிகாரியோ ஜாவர் என்னும் மூலப் பெயரோடே நிற்கிறான். அவ்வேடமேற்ற சீதாராமன் பின்னர் ஜாவர் சீதாராமன் என்றே வழங்கப்பட்டார். துன்பப்படுபவன் தமிழனாகிவிட்டான், சட்டம் மட்டும் அயல்மொழியில் பேசுகிறது. விடுதலை பெற்று மூன்றே ஆண்டுகள் கழிந்த நாட்டில் இது பார்வையாளர்க்கு அந்நியமாகத் தோன்றியிராது.

மொழியமைப்பும் நடிப்பும்

ஒரே காட்சியை இரு மொழிகளில் நடிப்பவர்க்கு எது எளிது, எது கடினம் என்பதை மொழியியல் நோக்கில் காணலாம்.

தமிழும் தெலுங்கும் வினையை இறுதியில் கொண்டு முடியும் மொழிகள். எதிர்மறையும் வினையோடு சேர்ந்து தொடரின் இறுதியிலேயே வரும். எனவே கேட்பவர், கூற்று உடன்பாடா மறுப்பா என்பதை அறியத் தொடர் முடியும்வரை காத்திருக்க வேண்டும். நாகையாவின் நடிப்பில் யாவரும் உணரும் நிதானம் இக்காத்திருப்பைப் பயன்கொள்கிறது. வினைமுற்றுக்கு முன் அவர் ஒரு கணம் தயங்குகிறார். அத்தயக்கத்தில் உணர்ச்சி தங்குகிறது. இரு மொழிகளிலும் அந்த இடம் ஒன்றே என்பதால், மெய்ப்பாடு மாறாமல் மொழி மட்டும் மாற இயல்கிறது. பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ மறுப்பும் வினையும் தொடரின் முற்பகுதியிலேயே வெளிப்பட்டுவிடுவதால் அம்மொழி நடிகர்க்கு இவ்விடம் வாய்ப்பதில்லை.

கடினமான இடம் பாலும் மதிப்பும் பற்றியது. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என வினை நான்காகப் பிரிகிறது. தெலுங்கில் படர்க்கை ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் 'வச்சிந்தி' என்னும் ஒரே வடிவம் வழங்குகிறது. ஏழைப் பெண்ணொருத்தியைப் பற்றிக் கதைத் தலைவன் பரிவோடு பேசும்போது, தமிழில் அவளை உயர்திணையாக உணர்த்தும் பணியை விகுதி செய்துவிடுகிறது. தெலுங்கில் விகுதி அப்பணியைச் செய்யாத இடத்தில் குரல் செய்ய வேண்டும். நாகையா விகுதியை நம்பாமல், இரு மொழிகளிலும் குரலையே நம்பும் நடிகர் என்பது என் கணிப்பு. தமிழில் அவர் பேச்சு சற்று மிகையான கனிவுடையதாகச் சிலர்க்குத் தோன்றுவதன் காரணமும் இதுவாகலாம். விகுதி ஏற்கெனவே உணர்த்திவிட்ட மதிப்பைக் குரலும் மீண்டும் உணர்த்துகிறது.

ஒலிப்பிலும் ஒரு செய்தி உண்டு. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவன. அவ்வழக்கம் படிந்த நாவினர் தமிழ்ச் சொல்லின் ஈற்றையும் விழுங்காமல் முழுமையாக ஒலிப்பர். பேச்சுத் தமிழில் இது சற்று அயலாக ஒலிக்கும். ஆனால் அன்றைய திரைப்பட உரையாடலின் செந்தமிழ் நடைக்கு இதுவே தக்க ஒலிப்பாயிற்று. ஒருவர் மொழியில் குறையாகக் கருதப்படுவது, வேறு நடையில் நிறைவாகலாம் என்பதற்கு இது சான்று.

'நா இல்லு', 'என் வீடு'

நாகையா இயக்கி நடித்து 1953இல் இரு மொழிகளிலும் வெளிவந்த படம் தெலுங்கில் 'நா இல்லு' எனவும் தமிழில் 'என் வீடு' எனவும் பெயர்பெற்றது. ஒரே குடும்பத்து மொழிகளுக்கிடையே பெயர்ப்போர்க்கு நேரும் இடர் இத்தலைப்பில் அடங்கியுள்ளது. தமிழில் 'இல்' என்பது செய்யுட்சொல். தெலுங்கில் 'இல்லு' நாள்தோறும் வழங்கும் சொல். தமிழில் நாள்தோறும் வழங்கும் 'வீடு' என்னும் ஒலி, தெலுங்கில் 'இவன்' என்று மதிப்பின்றிச் சுட்டும் சொல்லாகிவிடும். இதனைப் போன்றதே 'செப்பு' என்னும் வினை. தெலுங்கில் அது எளிய பேச்சு, தமிழில் உயர்நடை. வேர் ஒன்றாயிருப்பதே இங்கு இடர். இச்சொற்களின் எடையை நூலில் கற்றவர் தடுமாறுவர். எல்லைப்புறத் தெருவில் கேட்டவர் தடுமாறார்.

1953ஆம் ஆண்டே ஆந்திர மாநிலமும் அமைந்தது. தம் இல்லத்திற்கு இரு மொழிகளில் பெயரிட்ட கலைஞரின் ஊர், அவர் தொழில் செய்த சென்னையினின்று அவ்வாண்டில் அரசியல் அளவில் பிரிந்தது. இது தற்செயல் நிகழ்ச்சியே. ஆனால் அதன்பின் அவர் கலை வரலாறும் இரண்டாகப் பிரித்தெழுதப்படலாயிற்று.

தந்தை வேடங்கள்

பிற்காலத் தமிழ்ப் படங்களுள் 'எதிர்பாராதது' (1954) முதலிடத்தில் வைத்து எண்ணத்தக்கது. ஸ்ரீதரின் கதை. மகன் இறந்தான் என நம்பப்படும் சூழலில், மகன் காதலித்த பெண்ணையே அறியாது மணக்கும் தந்தையாக நாகையாவும், மகனாகச் சிவாஜி கணேசனும், அப்பெண்ணாகப் பத்மினியும் நடித்தனர். முதிய கணவர், இளம் மனைவி, கணவரின் மகன் என்னும் இம்முக்கோணம் 'அசோக்குமார்' படத்தின் அசோகர், திஷ்யரட்சிதை, குணாளன் என்னும் முக்கோணத்தை நினைவூட்டுகிறது. பதின்மூன்று ஆண்டுகளில் அரண்மனை மறைந்து நடுத்தர வீடு வந்தது; வரலாற்றுப்படம் சமூகப்படமாயிற்று. இருபுறமும் தந்தையாக நின்றவர் நாகையா ஒருவரே. முன்னதில் உண்மை அறியாத தந்தை தண்டித்தார். பின்னதில் உண்மை அறியும் தந்தை தாமே தண்டனையாகிறார். வகைமை மாறும்போது நடிகர் எதனை மாற்றுகிறார், எதனைக் காக்கிறார் என்பதை இவ்விரு படங்களையும் அருகருகே வைத்தாலன்றி அறிய இயலாது.

'சம்பூர்ண இராமாயணம்' (1958) படத்தின் தசரதன், 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் பிறர் குழந்தையை வளர்க்கும் இசுலாமியப் பெரியவர், 'தெய்வ மகன்' (1969) படத்தின் பாபா ஆகியோர் தந்தையர் வரிசையில் அடுத்து வருபவர்கள். தெலுங்கில் 'லவகுசா' (1963) படத்தின் வால்மீகியும் மாந்தரை வளர்ப்பவரே. இவர்களுள் இந்து, இசுலாமியர், அரசர், முனிவர் என வேறுபாடு உண்டு. அனைவரும் பேசும் குரலோ ஒன்று. மதம் மாறினும் கனிவு மாறாது என்பதை 'பாவ மன்னிப்பு' உரையாடலால் கூற முயல்கிறது. நாகையாவின் குரல் அதனை உரையாடலின் துணையின்றியே கூறிவிடுகிறது.

எனினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. இப்படங்களின் இயக்குநர்கள் அக்குரலைத் தேவைக்கேற்ப எடுத்தாளும் ஆயத்தப் பொருளாகக் கையாண்டனர். 'தேவதா'விலும் 'சுவர்க்க சீமா'விலும் தவறிழைக்கும் மனிதராக நின்ற நடிகருக்கு, அத்தகைய வேடத்தைப் பிற்காலத் தமிழ்த் திரை பெரிதும் வழங்கவில்லை. தவறாத நல்லவர் என்னும் அச்சில் வார்த்தபோது, தவறியும் வருந்தியும் மீளும் மனிதனைக் காட்டும் அவர் ஆற்றல் பயன்படாது போயிற்று. தேய்ந்தது நடிகரின் திறனன்று. அவர்க்கு எழுதப்பட்ட வேடங்களே தேய்ந்தன.

குரலும் உடலும்

நாகையாவின் தயாரிப்பான 'பாக்யலட்சுமி' (1943), தெலுங்குத் திரையில் பின்னணிப் பாடல் முறை முதன்முதல் இடம்பெற்ற படமாகக் கூறப்படுகிறது. பாடி நடிக்கும் மரபின் உச்சியில் நின்றவரே, பாட்டையும் நடிப்பையும் பிரிக்கும் முறைக்கு வாயில் திறந்தார். அதன்பின் பாடத் தெரியாதவரும் தலைவராக நடிக்க வழி பிறந்தது. காலப்போக்கில் பேச்சும் உடலினின்று பிரிக்கப்பட்டது. ஒரு மொழியில் எடுத்த படத்துக்குப் பிறர் குரல் சேர்த்துப் பல மொழிகளில் வெளியிடுதல் இன்று பெருவழக்காகியுள்ளது. இன்றைய முறை படத்தை மொழிபெயர்க்கிறது. நாகையாவின் தலைமுறையில் நடிகரே மொழிபெயர்ப்பாளராக இருந்தார்.

அவர்க்கு 1965இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் 'ராமதாசு' படத்தை இயக்கி நடித்தார். இறுதி ஆண்டுகள் பொருள்நெருக்கடியில் கழிந்தன. 1973 டிசம்பர் 30ஆம் நாள் மறைந்தார்.

முடிவுரை

நாகையாவின் பன்முகத் திறன் வேடந்தோறும் வேறொருவராக மாறுவதில் அமையவில்லை. ஒரே குரலைக் கொண்டு அரசரையும் குயவரையும், ஞானியையும் கைதியையும், தமிழையும் தெலுங்கையும் பேசவைத்ததில் அமைந்தது. இதனை அறிவதற்கு அவருடைய தமிழ்ப் படங்களையும் தெலுங்குப் படங்களையும் ஒரே வரிசையில், ஆண்டு முறைப்படி வைத்துப் பார்த்தல் வேண்டும். மொழிவாரியாக எழுதப்படும் திரைப்பட வரலாறு இதற்கு இடந்தராது.

ஆகவே இருமொழிப் படங்களின் உரையாடல்களைத் தொடருக்குத் தொடர் ஒப்பிட்டு ஆராயும் முயற்சி தொடங்கப்பெறுதல் நலம். சித்தூர் மண்ணிலேயே, குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுள்ளது. திருப்பதியிலும் சென்னையிலும் இரு மொழிகளையும் அறிந்த ஆய்வாளர் உளர். 'ஏழை படும் பாடு', 'பீதல பாட்லு' ஆகிய இரண்டினின்றும் அப்பணியைத் தொடங்கலாம். ஒருவர் இருமுறை கூறிய ஒரே சொல்லை இருமுறையும் கேட்டாலன்றி, அவர் கூறியது யாது என்பது நமக்கு முழுமையாக விளங்காது.